நெய்வேலி: இருக்கும் குழியை முடிப்பதா, புதிய குழியைத் திறப்பதா?

வெள்ளாற்றங்கரை எழுதியது:

நெய்வேலியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. அனல்மின் நிலையங்களை உடனே இழுத்து மூட வேண்டும் என்பது ஒன்று. நம் காலடியில் கிடக்கும் எரிபொருளை விட்டுவிட்டு இந்தோனேசியாவில் நிலக்கரி வாங்குவது மடமை என்பது மற்றொன்று. நான் விவாதிக்க விரும்புவது இவை இரண்டுக்கும் நடுவில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு கேள்வியை: இப்போது தோண்டிக்கொண்டிருக்கும் மூன்று சுரங்கங்களோடு (முதல் சுரங்கம், 1ஏ, இரண்டாம் சுரங்கம்) நிறுத்திக்கொள்வதா, அல்லது மூன்றாம் சுரங்கம் என்ற பெயரில் பேசப்படும் புதிய குழியையும் திறப்பதா?

முதலில் ஒரு சிறு கணக்கு. இங்கே கிடைக்கும் பழுப்பு நிலக்கரியின் வெப்பத்திறன் கிலோவுக்கு ஏறத்தாழ 2,600 கிலோகலோரி. ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகக் கொதிகலனில் செலவாகும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று மனத்தில் வைத்துக்கொள்வதில் பெரிய பிழை வராது. ஒரு டன் நிலக்கரியை எட்டுவதற்கு அதன் மேல் கிடக்கும் மண்ணில் சுமார் 6 கன மீட்டரை வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவழிக்கும் ஒரு வீடு முழுக்க நெய்வேலி மின்சாரத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்காக 400 கிலோ நிலக்கரி எரிகிறது. அதை எடுக்க 2.4 கன மீட்டர் மண், அதாவது ஏறக்குறைய ஒரு டிராக்டர் லோடு, இடம் பெயர்கிறது. மின்கட்டண அட்டையில் அந்த மண்ணுக்கு ஒரு கட்டமும் இல்லை.

நெய்வேலி மின்சாரம் மலிவானது என்று சொல்லும்போது எதை எல்லாம் கணக்கில் சேர்த்திருக்கிறோம், எதை விட்டிருக்கிறோம் என்பதே என் ஐயம். விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

கொதிகலன்காரர் எழுதியது:

அனல்மின் நிலையங்களின் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்லலாம். தம்பி போட்டிருக்கும் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் என்ற கணக்கு சரியானதே. ஆனால் அந்த ஒரு கிலோவின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் மற்றவை விளங்கும்.

சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். கையில் எடுத்துப் பார்த்தால் ஈரமண் கட்டியைப் போல் இருக்கும். வெயிலில் வைத்தால் வெடித்து உதிரும். ஒடிசாவின் தால்சேரிலிருந்து கப்பலில் எண்ணூருக்கு வரும் கரியைப் போல் இதை வெகுதூரம் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் பாதி வாடகை தண்ணீருக்குக் கொடுத்ததாகும். குவித்து வைக்கவும் முடியாது. காயக் காயக் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிச் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். ஆகையால் சுரங்கத்திலிருந்து கன்வேயர் பட்டையில் ஏற்றி நேராக நிலையத்தின் சேமிப்புத் தொட்டிக்குக் கொண்டுவந்து, ஓரிரு நாள் தேவைக்கு மேல் அதிகம் சேர்த்து வைக்காமல் எரித்துவிடுவதே நடைமுறை.

எரிப்பதும் சாதாரணக் கரியை எரிப்பதைப் போல் அன்று. அரவை எந்திரத்துக்குள் உலையின் சூடான புகைவாயுவையே இழுத்துவிட்டு, அரைக்கும்போதே உலர்த்த வேண்டும். ஒரு கிலோவில் உள்ள ஈரத்தை ஆவியாக்குவதற்கு மட்டும் 300 கிலோகலோரி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. உலையும் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகளின் கொதிகலன்கள் கோபுரம் போல் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். இதன் ஒரே பெரிய நற்குணம் சாம்பல் குறைவு. இந்தியக் கருநிலக்கரியில் முப்பது, நாற்பது விழுக்காடு சாம்பல் என்றால், இதில் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும்.

நாடு தன் காலில் நிற்க விரும்பிய காலத்தில் பிறந்த திட்டம் இது என்பதையும் மறக்கக் கூடாது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய துகள்கள் வெளிப்பட்டன. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) பதிவாகி, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியுடன் அமைத்த முதல் 50 மெகாவாட் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் 2020இல்தான் ஓய்வு பெற்றது, ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! இதே கரியிலிருந்து யூரியா செய்தார்கள். புகையில்லாத அடுப்புக் கரியாக லெக்கோ செய்து விற்றார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு லெக்கோ அடுப்பு நினைவிருக்கும். இன்று அந்த இரண்டு தொழிற்சாலைகளும் இல்லை.

முந்திரிக்காடு எழுதியது:

ஐயா சொல்லும் தன்னிறைவை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான். 2023 ஜூலையில், சுரங்கம் விரிவதற்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் கதிர்விடும் நிலையிலிருந்த நெல்வயலுக்குள் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிர் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்பது ஒரு தரப்பின் வாதம். இழப்பீடும் வேலையும் முழுமையாகத் தீராத நிலத்தில் உழவன் விதைக்காமல் எப்படி இருப்பான் என்பது மறுதரப்பு. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது.

முதல் தலைமுறையில் நிலம் கொடுத்த குடும்பங்களில் பலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பிறகு வந்தவர்களின் கைக்கு எட்டியதில் பெரும்பகுதி ஒப்பந்த வேலை. இந்த இழையில் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீரடுக்கு எழுதியது:

நீர்நிலவியல் படிப்பவள் என்பதால் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் பார்வையில் நெய்வேலிக் கதையின் முக்கியப் பாத்திரம் நிலக்கரி அல்ல, அதன் அடியில் இருக்கும் நீர்தான்.

நிலக்கரிப் படுகைக்குக் கீழே கடலூர் மணற்கல் அடுக்குகளில் அழுத்தம் மிகுந்த நீர் அடைபட்டிருக்கிறது. மேற்கிலும் வடமேற்கிலும் இந்த மணற்கல் தரைக்கு மேல் தலைகாட்டும் செம்மண் மேடுகளில் மழைநீர் இறங்கி, சரிவாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, நெய்வேலிக்கு வரும்போது மேலே களிமண்ணும் நிலக்கரியும் மூடியிருக்க, வெளியேற வழியில்லாமல் மேல்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை இருந்தது. அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் குழாயை இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பீறிட்டு வந்ததற்கும் காரணம் அதுவே.

இப்போது ஐம்பது, நூறு மீட்டர் மண்ணை அகற்றிவிட்டால் என்ன ஆகும்? இத்தனை நாள் அந்த அழுத்தத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்த எடை போய்விடும். குழியின் தரை வீங்கி வெடித்துச் சுரங்கம் மூழ்கும். ஆகையால் நிலக்கரியை எடுப்பதற்கு முன்பே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, அழுத்தத்தைத் தணிக்க இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்புகள் நின்றால் சுரங்கம் இல்லை. தொடக்க ஆண்டுகளில் பொறியாளர்களைத் திணறடித்தது கரி அல்ல, இந்த நீர்தான்.

இறைத்த நீர் வீணாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அன்று. அனல்மின் நிலையங்கள் அதைப் பயன்படுத்துகின்றன, நகரியம் பயன்படுத்துகிறது, ஒரு பகுதி பாசன வாய்க்கால்களுக்கும் சென்னையின் குடிநீருக்கும் போகிறது. வாய்க்காலில் சுரங்க நீர் பெறும் கடைமடை உழவருக்கு அது வரமாகவே தெரியும். ஆனால் ஓர் ஊரின் ஆழ்குழாயில் தானாக ஏறி நின்ற நீரை, வேறோர் ஊரின் வாய்க்காலில் மேல்நீராக விடுவது ஈடு ஆகாது. போர்வெல்லை ஆழப்படுத்தும் செலவு ஒருவருக்கு, வாய்க்கால் நீர் இன்னொருவருக்கு. மலிவு என்ற சொல்லுக்குள் இந்த இடமாற்றம் மறைந்து கிடக்கிறது. வெள்ளாற்றங்கரை கேட்ட கேள்விக்கு என் பதில் இது.

யுரேனியம்238 எழுதியது:

இத்தனை துன்பத்துக்கும் ஒரே மாற்று கூடங்குளம்தான் என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? அங்குள்ள 1,000 மெகாவாட் உலை ஒன்றுக்கு ஓர் ஆண்டுக்குத் தேவைப்படும் செறிவூட்டிய எரிபொருள் சுமார் 25 டன். அதே திறனில் பழுப்பு நிலக்கரி நிலையம் ஒன்று முழு வீச்சில் ஓடினால், வெள்ளாற்றங்கரையின் கணக்குப்படியே, ஒரே நாளில் 24,000 டன் எரிக்கும். கரியமில வாயு உலையிலிருந்து வராது. ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோதும் அங்கிருந்த உலை பாதுகாப்பாக நின்றது. எதிர்ப்பவர்கள் புள்ளிவிவரத்துடன் வரவும்.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

நண்பர் சொன்ன ஒப்பீட்டை இன்னும் கொஞ்சம் நேர்மையாக்கலாம். 25 டன் என்பது செறிவூட்டிய பிறகு உள்ள எடை. அதற்கு மூலமாக வேண்டிய இயற்கை யுரேனியம் சுமார் 200 டன். ஜார்க்கண்டின் ஜாதுகுடா போன்ற நம் நாட்டுச் சுரங்கங்களில் ஒரு டன் தாதுவில் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. ஆக, இங்கிருந்தே எடுப்பதாக வைத்துக்கொண்டால் சில லட்சம் டன் தாதுவைத் தோண்டியாக வேண்டும். கூடங்குளத்துக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருவதால் அந்தக் குழி நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. இப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் ஆண்டுக்கு எண்பது லட்சம் டன்னைத் தாண்டும் பழுப்பு நிலக்கரியோடு ஒப்பிட அணுவுக்கே வெற்றி என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோண்டும் அளவில் சண்டை இல்லை.

சண்டை காலத்தில் இருக்கிறது. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1988இல். கட்டுமானம் தொடங்கியது 2002இல். முதல் உலை மின்கட்டமைப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் அணு உலை) கட்டுமானம் 2004இல் தொடங்கியது. அதன் உலைக்கருவில் பாகங்களை ஏற்றும் பணி தொடங்கியது 2024 மார்ச்சில். நெய்வேலியில் இன்று எடுக்க வேண்டிய முடிவுக்கு இந்த வேகம் உதவாது. எரிந்து முடிந்த எரிபொருளைக் கூடங்குளத்தில் உலைக்கு வெளியே எங்கே சேமிப்பது என்பதற்காக 2019இல் அறிவித்த கருத்துக்கேட்பே எதிர்ப்பால் தள்ளிப்போனது. அது தனி இழைக்குரிய விஷயம். இங்கே இழுக்க வேண்டாம்.

சுமைச்சீராக்கி எழுதியது:

மின்கட்டமைப்பை இயக்குவோரின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் கொட்டிக் கொடுக்கும். சூரிய மின்சாரம் நண்பகலில் பெருகி, விளக்கேற்றும் நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே கட்டமைப்புக்கு வேண்டியது, மதியம் தாழ்ந்து மாலையில் விரைந்து எழும் ஒரு துணை. பழுப்பு நிலக்கரிக் கொதிகலன் அந்தத் துணை அன்று. ஈரமான எரிபொருளைத் தாழ்ந்த சுமையில் எரித்தால் சுடர் நிலைக்காது; எண்ணெய் ஊற்றித் தாங்கிப் பிடிக்க வேண்டும். அலகை முழுத் திறனில் பாதிக்குச் சற்று மேல் வரைதான் நிம்மதியாகத் தாழ்த்தலாம். முழுக்க நிறுத்திவிட்டால் மீண்டும் சூடேற்றிக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும்.

இதன் விளைவு வேடிக்கையானது. நண்பகலில் சூரிய மின்சாரத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு அனல் அலகை ஓட விடுகிறோம். அப்போதுதான் மாலையில் அது கையில் இருக்கும். அணு உலையும் இந்த விஷயத்தில் பெரிதாக மேலானது அல்ல. அதை ஏற்றி இறக்குவதை யாரும் விரும்புவதில்லை. மாலைக்கு வேண்டியது கடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் 1980களிலிருந்தே இருப்பதைப் போன்ற, நீரை மேலேற்றி இறக்கும் நிலையங்கள். குந்தாவில் 500 மெகாவாட் வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது. அதை வேகப்படுத்தும் பணத்தைப் புதிய சுரங்கத்தில் போடுவது எனக்குப் புரியவில்லை.

கொதிகலன்காரர் எழுதியது:

தொழில்நுட்பத்தில் சுமைச்சீராக்கியோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் 2021 அக்டோபரில் நாடெங்கும் நிலக்கரிக் கையிருப்பு சராசரியாக நான்கு நாளுக்குத் தேய்ந்ததையும், அடுத்த ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியதும் இறக்குமதிக் கரியின் விலை வானத்தில் ஏறியதையும் மறக்க வேண்டாம். புயல் வந்து துறைமுகம் மூடினாலும் கன்வேயர் ஓடும். அந்த நாளில் நெய்வேலி இல்லையென்றால் தெரியும்.

இருக்கும் நிலையங்களை ஓட்டுவதற்குத்தான் இந்த வாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னமே சொன்னேன், இந்தக் கரி பயணம் போகாது. அதனால் கொதிகலனையும் குழியையும் பிரித்து முடிவெடுக்க முடியாது. இரண்டு 660 மெகாவாட் அலகுகள் கொண்ட புதிய நிலையம் ஒன்றைப் பற்றிய திட்டமும் பேசப்படுகிறது. நவீன உயரழுத்தக் கொதிகலன் என்பதால் யூனிட்டுக்குச் செலவாகும் கரி சற்றுக் குறையும். அப்படியும் ஆண்டுக்கு எண்பது லட்சம் டன் வேண்டும். அப்படி ஒன்றைக் கட்டினால் வங்கிக் கடன் அடைய, முதலீடு திரும்ப, இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் அது ஓடியாக வேண்டும். அத்தனை ஆண்டும் அதற்குத் தீனி போட வேறெங்கிருந்தும் கரி கொண்டுவர முடியாது. எந்த ஊரின் நிலம் எந்த ஆண்டில் குழியாகும் என்பது, கொதிகலனுக்கு ஒப்பந்தம் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நிலத்துக்கான அறிவிப்பு பத்தாண்டு கழித்து வரும்போது எதிர்த்தால், கட்டிய நிலையத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். போராடுபவர்கள் பொக்லைன் வயலில் இறங்கும் நாளில் திரளுகிறார்கள். எந்த ஒப்பந்தத்தின் நாளில் திரண்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஆளில்லை.

முந்திரிக்காடு எழுதியது:

ஐயா, இந்தப் பத்தியை எங்கள் ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

2020இல் வந்த காவிரிப் படுகைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தில் சில ஒன்றியங்களுக்கு மட்டும் பொருந்துகிறது; காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை, குமராட்சி. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, வடசேரி, மைக்கேல்பட்டி ஆகிய இடங்களை நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலிலிருந்து ஒன்றிய அரசு நீக்கியது நல்ல செய்திதான். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் செம்மண் காட்டுக்கும், முந்திரி, பலாத் தோப்புக்கும் அந்தக் காப்பு இல்லை. நெல் விளைந்தால் வேளாண்மை, முந்திரி காய்த்தால் தரிசு என்ற எண்ணம் அதிகாரிகளிடம் மட்டும் இல்லை, இணையத்தில் எழுதுபவர்களிடமும் இருக்கிறது. நீரடுக்கு எழுதியதைப் பார்த்தால் நீர் இறங்கும் வாயே எங்கள் செம்மண் மேடுதானே?

நீரடுக்கு எழுதியது:

ஆம் அண்ணா. மணற்கல் வெளிப்பட்டிருக்கும் அந்த மேட்டில் விழும் மழைதான் அடுக்கை நிரப்புகிறது. அந்த வகையில் படுகையின் நெல்வயலைவிட அதற்கே காப்பு அதிகம் வேண்டும் என்பேன்.

யுரேனியம்238 எழுதியது:

ஜெர்மனியைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று அணு உலைகளையும் மூடினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் பழுப்பு நிலக்கரிக்காக லுட்சராத் என்ற சிற்றூரைக் காவல்துறையை வைத்து வெளியேற்றினார்கள். அணுவை வெறுத்தால் கரியில்தான் போய் நிற்க வேண்டும்.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

வரிசை தவறு என்பதில் உடன்படுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் உலைகளைக் கரிக்கு முன்பே மூடியது எனக்கும் உவப்பில்லை. ஆனால் ஜெர்மனியிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. நெய்வேலியின் பெரிய சக்கர வாளி எந்திரங்கள் ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் வந்தவை. அதே வகை எந்திரங்கள் தோண்டிய ஹம்பாக் குழி நானூறு மீட்டர் ஆழம். அதை மூடிய பிறகு என்ன செய்வது என்று இப்போதே திட்டம் போட்டு, ரைன் ஆற்றிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவந்து ஏரியாக்கப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழைய குழிகள் பல ஏற்கெனவே ஏரிகளாகிவிட்டன.

இங்கே மூன்று குழிகளும் ஒரு நாள் தீரும். அப்போது ஆழ்குழாய்ப் பம்புகளை யார், எந்த ஆண்டு வரை, எவருடைய செலவில் ஓட்டுவார்கள்? நீரடுக்கு, பம்புகளை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

நீரடுக்கு எழுதியது:

ஒரேயடியாக நிறுத்த முடியாது என்பதுதான் முதல் பதில். நெய்வேலியில் வெட்டிய மண்ணைப் பெரும்பாலும் முன்பு கரி எடுத்த பக்கத்திலேயே கொட்டி நிரப்பிக்கொண்டு குழி நகர்கிறது. எனவே கடைசியில் மிஞ்சும் பள்ளம் தோண்டிய மொத்த அளவைவிடச் சிறியதாக இருக்கும். ஆனாலும் அந்தப் பள்ளத்தின் அடியில் அழுத்த நீர் இருக்கிறது. தரையின் மேல் போதுமான எடை ஏறும் வரை, அதாவது மண்ணோ நீரோ நிரம்பும் வரை, அழுத்தத்தைப் படிப்படியாகத்தான் மீளவிட வேண்டும். அதற்குள் பம்பை நிறுத்தினால் அடித்தரை வெடித்து நீர் மேலேறும். கரைகளில் தளர்ந்து கிடக்கும் கொட்டிய மண் நனைந்து சரியும்.

எடுத்துக் கொட்டிய மண்ணில் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துவிடுவது இன்னொரு சிக்கல். நிரப்பிய இடத்தில் மரம் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள், சில பயிர்களையும் விளைவித்திருக்கிறார்கள். ஆனால் நீரைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கும் பழைய அடுக்கமைப்பு அங்கே இல்லை. மரம் பச்சையாக இருப்பது வேறு, நிலம் பழையபடி நீரைக் கடத்துவது வேறு.

ஆகவே செலவுக் கணக்கில், சுரங்கம் மூடிய பிறகு இறைக்கும் ஆண்டுகளுக்கான மின்கட்டணமும் பராமரிப்பும் ஒரு தனித் தலைப்பாக இருக்க வேண்டும். மூடல் திட்டமும் அதற்கான வைப்புத் தொகையும் சட்டப்படி கட்டாயம்தான். அந்த ஆவணங்களில் நான் முதலில் தேடுவது, மீட்டெடுத்த நிலத்தின் புகைப்படங்களை அல்ல; பம்புகளை நிறுத்தும் கால அட்டவணையை. மூன்றாம் சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அங்கே போகிறவர்கள் இழப்பீட்டுத் தொகையோடு சேர்த்து அந்த அட்டவணையையும், சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டப் பதிவுகளையும் எழுத்து மூலம் கேளுங்கள்.

கொதிகலன்காரர் எழுதியது:

கேட்கும்போது எந்த அலகு எந்த ஆண்டில் ஓய்வு பெறும் என்ற பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாம் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் ஏழும் முதுமை எய்தியவை. 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் அங்கே நடந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவை ஓய்வு பெற்றால் விடுபடும் கரி எவ்வளவு, அது மிச்சமிருக்கும் நிலையங்களுக்கு எத்தனை ஆண்டுக்குப் போதும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் புதிய குழி வேண்டும் என்று யார் சொன்னாலும், அது நம் மின்தேவைக்காக அல்ல, புதிய கொதிகலனுக்காகக் கேட்பது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.